"பொம்மைனு சொல்லாத கண்ணு!" - குன்னூரில் ஒரு சாண்கூட இல்லாத மலை ரயில் இன்ஜின்

காலை 6:40. மேட்டுப்பாளையம் ரயில் நிலையம்.

நீலகிரி எக்ஸ்பிரஸின் அப்பர் பெர்த்தில் இரவெல்லாம் புரண்டு வந்த களைப்பு. ஆனாலும் எதிரே நின்ற ரயிலைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. குட்டிக் குட்டிப் பெட்டிகள். கடைசியில் புஸ் புஸ்ஸென்று மூச்சுவிட்டபடி ஒரு நீராவி இன்ஜின். அதன் முன்னால் செல்ஃபி எடுக்க ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

அலுவலகத்தில் எனக்குக் கொடுத்து அனுப்பிய வேலை இரண்டு. ஒன்று, ஊட்டி 'டாய் ட்ரெயின்' பற்றி ஒரு ரீல். இன்னொன்று, குன்னூரில் இருக்கும் ஒரு பெரியவர். "அந்த ரயில் இன்ஜினையே வீட்டுக்குள்ள செஞ்சு வெச்சிருக்காராம். போய்ப் பாரு, நல்லா இருந்தா ஸ்டோரி பண்ணு" என்று சீனியர் ஒரு போன் நம்பரைத் தந்திருந்தார். ரீல் எடுப்பதில் இருந்த ஆர்வம், உண்மையைச் சொன்னால், அந்தப் பெரியவர் விஷயத்தில் எனக்கு இல்லை. பொம்மை ரயிலில் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது?

சரியாக 7:10-க்கு ரயில் கிளம்பியது.

பார்த்தும் பார்க்காத பயணம்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் பாதை போடப்பட்டது. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது. 'உயிரே' படத்தில் ஷாரூக் கான் மேலே ஏறி ஆடினாரே, அதே ரயில்தான்.

பவானி ஆற்றைத் தாண்டி, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே கல்லாறு வரைக்கும் சாதாரண ரயில் போலத்தான் போகிறது. அதற்கு மேல் மலை. 12 அடி முன்னால் போனால் ஓர் அடி உயரும் அளவுக்குச் செங்குத்து. வெறும் இரும்புச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அந்தப் பற்களைப் பிடித்துப் பிடித்து ஏறுகிறது. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை சுமார் 19 கிலோமீட்டருக்கு இப்படித்தான்.

இதையெல்லாம் முதல்நாளே படித்துவைத்திருந்தேன். குகை வந்தால் குழந்தைகளோடு சேர்ந்து 'ஓ...' என்று கத்தினேன். ஹில்குரோவில் இறங்கி டீ குடித்தேன். என் பன்னை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. அதையும் வீடியோ எடுத்தேன். குன்னூரில் இறங்கும்போது போனில் 61 வீடியோக்கள் இருந்தன. ஊட்டிக்குப் போகிறவர்களுக்காக இங்கே நீராவி இன்ஜினைக் கழற்றி, டீசல் இன்ஜினை மாட்டுகிறார்கள். அதையும் எடுத்துக்கொண்டு, பெரியவர் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

'அப்ப வந்த வழியே போயிடு!'

ஓட்டு வீடு. வாசலில் ரோஜாத் தொட்டிகள். கதவைத் திறந்தவருக்கு 71 வயது. கோவையில் ஒரு வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். "பேர், போட்டோ எல்லாம் வேண்டாம். ரயிலைப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதிக்கோ" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் மனைவி சூடாக டீயும் ஒரு தட்டு நிறைய ஊட்டி வர்க்கியும் கொண்டுவந்து வைத்தார்.

நான் பேச்சை ஆரம்பித்த லட்சணத்தைப் பாருங்கள். "சார், நீங்க செஞ்ச பொம்மை ரயிலைப் பார்க்கலாமா?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "பொம்மைனு சொல்லாத கண்ணு. பொம்மை பார்க்கிறதுக்குன்னா அப்ப வந்த வழியே போயிடு. கடைவீதியில நிறைய விக்கிறாங்க."

கோபமாகச் சொன்னாரா, கிண்டலாகச் சொன்னாரா என்று புரியவில்லை. அம்மாதான் காப்பாற்றினார். "அவரு அப்படித்தான். அந்த வார்த்தையைச் சொன்னா எங்க பேரனுக்கே திட்டு விழும். நீ வர்க்கியைச் சாப்பிடு."

உள் அறைக்குக் கூட்டிப்போனார். ஜன்னலோரம் ஒரு மேசை. அதில் லென்ஸ் பொருத்திய விளக்கு, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற ஊசிகள், இடுக்கிகள், நகைக்கடைத் தராசு. சுவரை ஒட்டி 8 அடி நீளத்துக்கு ஒரு பலகை. அதன்மேல் மண், பாறை, பாக்கு மரங்கள், ஒரு தண்டவாளம். தண்டவாளத்தில் ஓர் இன்ஜின். சற்றுமுன் என்னை மலைமேல் தள்ளிக்கொண்டு வந்த அதே எக்ஸ் கிளாஸ் இன்ஜின். நீளம் ஒரு சாண்கூட இல்லை.

குனிந்து பார்த்தேன். பிறகு மண்டியிட்டுப் பார்த்தேன். போனை எடுக்க மறந்துவிட்டேன்.

87 மடங்கு சிறிய நீலகிரி

மாடல் ரயில் உலகில் பல அளவுகள் உண்டு. உலகம் முழுக்க அதிகம் பேர் வைத்திருப்பது ஹெச்.ஓ. அளவு. அதாவது நிஜத்தைவிட 87 மடங்கு சிறியது. 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆள், இந்தக் கணக்கில் 2 சென்டிமீட்டர்கூட இருக்க மாட்டார்.

"மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி வரைக்கும் முழுப் பாதையையும் இந்த அளவுல போடோணும்னா, அரை கிலோமீட்டருக்கு மேல நீளம் வேணும். மேலே ஏழு மாடிக் கட்டடம் உயரத்துக்கு ஏத்தோணும். என்கிட்ட இருக்கறது 8 அடி பலகை. அதனால கல்லாறு தாண்டி, பல்சக்கரம் பிடிக்க ஆரம்பிக்கிற அந்த ஒரு இடத்தை மட்டும் எடுத்துக்கிட்டேன்" என்றார்.

இந்த இன்ஜின் அவருக்கு எந்தக் கடையிலும் ரெடிமேடாகக் கிடைக்கவில்லை. நீலகிரிப் பாதை மீட்டர் கேஜ். ஒரு மீட்டரை 87-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் வரும். 120 மடங்கு சிறிய 'டி.டி.' என்று இன்னோர் அளவு உண்டு. அதன் தண்டவாளமும் 12 மில்லிமீட்டர்தான். அந்த அளவில் எட்டுச் சக்கரங்கள் உள்ள ஒரு பழைய ஜெர்மன் மாடலை செகண்ட் ஹேண்டில் வாங்கி, மேல் உடம்பைக் கழற்றிவிட்டார். அடிப்பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதன்மேல் எக்ஸ் கிளாஸின் உடம்பைப் பித்தளைத் தகட்டில் வெட்டி ஒட்டியிருக்கிறார். வேலை தொடங்கி நான்கு வருடம் ஆகிறது.

"நாலு வருஷமா! அப்புறம் என்ன பாக்கி சார்?"

"உடம்பு ஆறே மாசத்துல முடிஞ்சது கண்ணு. மிச்சமெல்லாம் நகாசு வேலை."

அழுக்குக்கும் ஒரு முகவரி உண்டு

அந்த நகாசு வேலை என்ன என்று கேட்டதற்கு, லென்ஸை என் பக்கம் திருப்பினார்.

கைப்பிடிக் கம்பிகள் 0.4 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியில் செய்தவை. நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர் குழாய் என்று வைத்துக்கொண்டால், இந்த அளவில் அவ்வளவுதான் வரும். கொஞ்சம் தடித்த கம்பியைப் போட்டால் வேலை சுலபம். ஆனால், இன்ஜின் பெயின்ட் டப்பாவில் முக்கி எடுத்ததுபோல ஆகிவிடும். எண்ணெய்க் குழாய்களுக்குப் பழைய ஒயரைப் பிரித்து எடுத்த செம்பு இழைகள். நிலக்கரி இருக்கும் இடத்தில் நிஜ நிலக்கரி. கொல்லுப்பட்டறையில் வாங்கி வந்து, உடைத்து, சலித்துப் போட்டது.

"மாவு சல்லடையைக் காணோமேன்னு நான் வீடு பூரா தேடினேன். இவரு இங்க உட்கார்ந்து கரி சலிச்சுட்டிருந்தாரு" என்றார் அம்மா, வாசற்படியில் நின்றபடி.

எல்லாவற்றையும்விட அதிக நேரம் பிடித்தது அழுக்கு. ஆமாம், அழுக்கு! பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்தால் கடையில் வாங்கிய சாமான் போலத்தான் இருக்கும். அதைப் பல வருடம் உழைத்த இன்ஜினாக்குவது கறையும் கரியும் துருவும்தான். தண்ணீராகக் கரைத்த கறுப்பு பெயின்டைப் பூசித் துடைத்தால் இடுக்குகளில் மட்டும் தங்கும். கலர் சாக்கைப் பொடித்துத் தூரிகையால் தேய்த்தால் தூசி. பென்சில் முனையை இரும்பு விளிம்பில் உரசினால் தேய்ந்த உலோகத்தின் மினுமினுப்பு. கடைசியில் பளபளப்பைக் கொல்லும் மேட் வார்னிஷ்.

"இதெல்லாம் யார் வேணும்னாலும் செய்யலாம். ஆனா எங்க பூசறதுன்னு தெரியோணும். அழுக்கு தானா வராது. ஏதோ ஒரு காரணத்துல, ஏதோ ஒரு இடத்துலதான் வரும்" என்றவர், இன்ஜினின் பக்கவாட்டில் ஊசி முனையை நீட்டினார். தண்ணீர்த் தொட்டியின் மூடிக்குக் கீழே வெள்ளையாக ஒரு வழிந்த தடம். "தண்ணி பிடிக்கும்போது நிரம்பி வழியும். காய்ஞ்சா உப்புப் படியும். வழிஞ்ச தண்ணி கீழதான போகும்? முதல்ல நான் சும்மா அழகுக்கு அங்கங்க வெள்ளை வெச்சேன். அப்புறம் மேட்டுப்பாளையத்துக்குப் போய் பிளாட்பாரத்துல நின்னு பார்த்தேன். வந்து எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி வெச்சேன்."

அன்று காலையில் அதே பிளாட்பாரத்தில் அதே மாதிரி இன்ஜின் முன்னால் நானும் நின்றேன். என் போனில் அதன் வீடியோக்கள் பத்துக்கும் மேல் இருந்தன. அப்படி ஒரு வெள்ளைத் தடம் இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

வேகமாக ஓட்டுவது சுலபம்

"இப்ப ஓட்டிப் பார்க்கலாமா?" என்றார். கன்ட்ரோலரின் குமிழைத் திருப்பினார். நான் இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நகரவில்லை.

"ஓடலையே சார்?"

"ஓடிட்டுத்தான் இருக்குது. சக்கரத்தைப் பாரு."

உற்றுப் பார்த்தேன். சக்கரங்களைச் சேர்க்கும் கம்பி, கடிகார முள்போல மெள்ள ஏறி, மெள்ள இறங்கிக்கொண்டிருந்தது.

நிஜ மலை ரயில் பல்சக்கரப் பாதையில் மணிக்கு 10 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில்தான் ஏறுகிறது. அதை 87-ஆல் வகுத்தால், வினாடிக்கு 3 சென்டிமீட்டர் சொச்சம். ஓர் அடி ஸ்கேலின் நீளத்தைக் கடக்க 9 வினாடிக்கு மேல் ஆக வேண்டும். சும்மா 12 வோல்ட் மோட்டாரைப் போட்டு ஸ்விட்ச்சைத் தட்டினால், விர்ரென்று பாய்ந்து பலகையிலிருந்து கீழே விழுந்துவிடும்.

"பெங்களூர்ல இருந்து பேரன் வந்தா 'இன்னும் ஸ்பீடு தாத்தா, இன்னும் ஸ்பீடு'ன்னு குதிப்பான். வேகமா ஓட்டறக்கு ஒரு வித்தையும் வேண்டாம். நிக்காம, துள்ளாம, மெதுவா ஓட்டறதுலதான் வேலையே இருக்குது."

அந்த வேலையை வரிசையாகச் சொன்னார். இந்த ஹாபியைத் தொடங்க நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் சுத்தம். தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் மின்சாரம் மோட்டாருக்குப் போகிறது. சக்கரத்தில் மெல்லிய அழுக்குப் படலம் இருந்தால்கூட மெதுவாகப் போகும்போது இன்ஜின் திக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். அடுத்து, ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களின் உட்புற இடைவெளி. அது மயிரிழை மாறினாலும் வளைவில் ஏறி இறங்கும். பிறகு எண்ணெய். பாட்டிலிலிருந்து ஊற்றக் கூடாது. ஊசி முனையில் தொட்டு, சேரும் இடத்தில் ஒரு பொட்டு வைத்தால் போதும். மிச்சமானால் சக்கரத்துக்கு வந்து, மறுபடி அழுக்கு. புதிதாகச் சேர்த்த இன்ஜினை முன்னும் பின்னும் அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பழக்க வேண்டும். எடை போதவில்லை என்றால் சக்கரம் வழுக்கும். இவர் கொதிகலனுக்குள் டங்ஸ்டன் துண்டுகளை வைத்து ஒட்டியிருக்கிறார்.

கடைசியில், டிகோடர் என்ற நகம் அளவு சிப். தண்டவாளம் வழியாகவே கட்டளைகளை வாங்கி மோட்டாரை இயக்குவது இதுதான். இதில் எண் போட்ட அறைகள் உண்டு. 2-ம் எண்ணில் எத்தனை வோல்ட்டில் கிளம்ப வேண்டும் என்று எழுதலாம். 3-ம் எண்ணில் எவ்வளவு நிதானமாக வேகம் பிடிக்க வேண்டும், 4-ம் எண்ணில் எவ்வளவு நிதானமாக நிற்க வேண்டும், 5-ல் அதிகபட்ச வேகம் எவ்வளவு... இப்படி. ஒவ்வோர் எண்ணையும் ஒன்று கூட்டி, ஒன்று குறைத்து, ஓட்டிப் பார்த்து எழுதிய ஒரு 40 பக்க நோட்டு இவரிடம் இருக்கிறது. வங்கிக் கணக்குப் புத்தகம்போல தேதி போட்டு, அடிக்கோடு கிழித்த நோட்டு.

கல்லாறு சொல்லிக்கொடுத்த பாடம்

எக்ஸ் கிளாஸ் இன்ஜினைப் பக்கவாட்டில் பார்த்தால், ஒரு பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர்கள் தெரியும். கீழே ஒன்று, மேலே ஒன்று. கீழே இருப்பது சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். மேலே இருப்பது பல்சக்கரத்துக்கு. கீழ் சிலிண்டரில் வேலை முடித்த நீராவியே மேல் சிலிண்டருக்குப் போய் இன்னொரு முறை உழைக்கிறது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் இருந்த எஸ்.எல்.எம். தொழிற்சாலையின் வடிவமைப்பு இது. இதே இன்ஜினை 2011 முதல் நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் புதிதாகச் செய்திருக்கிறார்கள்.

இதில் பெரியவருக்கு ஒரு சிக்கல். கல்லாறு வரைக்கும் மேல் சிலிண்டரின் கம்பி அசையாது. பல்சக்கரப் பாதை தொடங்கியதும்தான் அசையும். மாடலிலும் அப்படியே வர வேண்டும் என்று பிடிவாதம். இவ்வளவு சிறிய உடம்புக்குள் இரண்டாவது மோட்டாருக்கு இடமில்லை. பல மாதம் யோசித்து, கணக்கைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். நிஜத்தில் நீராவி கம்பியைத் தள்ள, கம்பி பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. இங்கே இன்ஜின் நகர நகர, தண்டவாளத்துப் பற்கள் பல்சக்கரத்தைச் சுற்றிவிடுகின்றன. பல்சக்கரம் சுற்ற, மேல் கம்பி தானாக அசைகிறது. பல் இல்லாத இடத்தில் கம்பி தானாக நின்றுவிடும்.

"பல்சக்கரம் சும்மா சுத்துது, ஏத்தாதுங்கறதால பலகையில சரிவை மட்டும் குறைச்சுட்டேன். அதுல கொஞ்சம் கள்ளாட்டம்தான்" என்று சிரித்தார்.

ஆனால், பற்கள் தொடங்கும் இடத்தில் இன்ஜின் ஒவ்வொரு முறையும் துள்ளியது. சில முறை நின்றேவிட்டது. வரும் பல்லும் இருக்கும் பல்லும் நேருக்கு நேர் முட்டினால் வேறென்ன ஆகும்? நிஜத்தில் இரண்டு பல் பட்டைகளும் 44 மில்லிமீட்டர் இடைவெளியில், தண்டவாளத்தைவிட 65 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. இங்கே அந்த இடைவெளி அரை மில்லிமீட்டர். சக்கரத்தை மாற்றினார், எடையை மாற்றினார், டிகோடர் எண்களை மாற்றினார். எட்டு மாதம் போனது.

"ஒருநாள் இவதான் சொன்னா. 'இங்கயே முட்டிட்டு இருக்கறதுக்கு, ஒருக்கா ரயில்ல போய் அந்த இடத்தைப் பார்த்துட்டு வந்தா என்ன?'ன்னு. கல்லாறுல வண்டி பல் பிடிக்கும்போது காது கொடுத்துக் கேட்டேன். முட்டற சத்தமே இல்லை. அப்புறம் பழைய ஆளுங்ககிட்ட விசாரிச்சா, அந்த ஆரம்பத் துண்டு மட்டும் ஸ்பிரிங் மேல உட்கார்ந்திருக்குதாம். பல்லு முட்டினா அமுங்கி வழிவிட்டு, அப்புறம் பிடிச்சுக்குமாம். என்னோட பிரச்னையை 100 வருஷத்துக்கு முன்னாடியே யாரோ தீர்த்து வெச்சிருக்காங்க. நான்தான் போய்க் கேட்கலை."

வீட்டுக்கு வந்து, முதல் இரண்டு சென்டிமீட்டர் பற்களை வெட்டி எடுத்து, மெல்லிய பித்தளைப் பட்டைமேல் உட்காரவைத்தார். துள்ளல் நின்றுவிட்டது.

எனக்காக மறுபடி ஓட்டிக் காட்டினார். இன்ஜின் ஊர்ந்து வந்தது. கீழ்க் கம்பி மட்டும் அசைந்தது. பற்கள் தொடங்கும் இடம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். 'க்ளிக்' என்று மிக மெல்லிய சத்தம். மேல் கம்பியும் அசைய ஆரம்பித்தது. நான் கைதட்டினேன். அம்மாவும் தட்டினார். இதை அவர் எத்தனையாவது முறையாகப் பார்க்கிறாரோ!

முன்னால் நிற்பவர்

இன்ஜினுக்கு முன்னால் ஒரு பெட்டி இருந்தது. மலை ஏறும்போது நீராவி இன்ஜின் பின்னால் நின்று தள்ளும். அதனால், டிரைவருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. பாதையைப் பார்ப்பவர் முதல் பெட்டியின் முகப்பில், கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. டிரைவர் விசில் அடித்துச் சொல்லச் சொல்ல, அவரவர் பெட்டியின் பிரேக்கை அவரவர் கையால் இறுக்கித் தளர்த்துவார்கள்.

மாடல் பெட்டியின் முகப்பில் ஆள் இல்லை. "இங்க யாரும் நிக்கலையே சார்?"

அவர் பதில் சொல்லாமல், ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். பஞ்சுக்கு நடுவே 2 சென்டிமீட்டர் மனிதர். காக்கி உடை. ஒரு கை உயர்ந்திருந்தது.

"எங்கப்பா. காரமடைக்காரர். இந்த வண்டியில 30 வருஷம் பிரேக்ஸ்மேன்."

அப்பா வேலையில் இருப்பதுபோல ஒரு போட்டோகூட வீட்டில் இல்லை. அன்றைக்கு யார் கேமரா வைத்திருந்தார்கள்? இருப்பது ஒன்றே ஒன்று, கல்யாணத்தன்று ஸ்டூடியோவில் எடுத்தது. அதனால் முகத்தைவிட கைதான் தனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார். வருடக்கணக்கில் பிரேக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அப்பாவின் வலது உள்ளங்கை காய்த்துப்போயிருக்குமாம். ஜுரம் வந்தால் அந்தக் கையால்தான் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். சொரசொரவென்று இருக்கும்.

"இந்த அளவுல உள்ளங்கையே ஒரு மில்லிமீட்டர்தான். அதுல காய்ப்பை எப்படிக் காட்டறது? ரொம்ப நாள் அதையே யோசிச்சேன். அப்புறம்தான் தோணுச்சு. கை காய்ச்சதுன்னா, கைப்பிடியும் தேய்ஞ்சிருக்கும்ல?"

லென்ஸை நகர்த்தினார். பெட்டி முகப்பில், குண்டூசியைவிட மெல்லிய பிரேக் கைப்பிடி. முழுக்கக் கறுப்பு. கை பிடிக்கும் இடத்தில் மட்டும் பெயின்ட் போய், பித்தளை மினுமினுத்தது. அதை மட்டும் அவர் பெயின்ட் வைத்துச் செய்யவில்லை. பெயின்ட் அடித்த பிறகு, தினமும் காலையில் பத்துத் தடவை விரலால் தேய்த்திருக்கிறார். ஒன்றரை வருடம்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அம்மா எப்போதோ சமையலறைக்குப் போய்விட்டிருந்தார்.

"ஏன் சார் இவரை இன்னும் பெட்டிக்குள்ளயே வெச்சிருக்கீங்க?"

வலது கையை மேசைமேல் நீட்டினார். விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. ஒரு வருடமாக இப்படி. மணிக்கட்டுக்குக் கீழே மணல் மூட்டை வைத்து, மூச்சை விட்டு அடுத்த மூச்சை இழுப்பதற்குள் ஒரு வேலையை முடிப்பாராம். ஆளை நிற்கவைக்க மூன்று முறை முயன்று, மூன்று முறையும் பசை தரையில் சிந்திவிட்டது. ஒருமுறை ஆளே கீழே விழுந்து, இரண்டு நாள் அறையைக் கூட்டவிடாமல் தேடியிருக்கிறார்கள்.

"பேரனை வைக்கச் சொல்லலாம். ஆனா அவனுக்கு இன்னும் நிதானம் வரலை" என்றவர், என்னைப் பார்த்தார். "நீ வெக்கிறியா கண்ணு?"

"ஐயோ சார், நானா? தப்பாயிட்டா?"

"தப்பானா மறுபடி வெக்கலாம்."

இடுக்கியை வாங்கினேன். காலில் ஒரு பொட்டுப் பசை. என் கையும் நடுங்கியது. அவர் சொன்னதுபோல மூச்சை மெதுவாக விட்டேன். பெட்டியின் முகப்பில் ஆளை இறக்கினேன்.

"நேரா நிக்க வெக்காத. கொஞ்சம் வெளிய சாய்ச்சு. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குதுன்னு பார்க்கோணும்ல... இன்னும் கொஞ்சம்... ம், போதும்."

இடுக்கியை விலக்கினேன். ஆள் நின்றார்.

பசை காயும்வரை ஒரு மணி நேரம் மூவரும் வரமிளகாய்த் துவையலோடு தயிர்சாதம் சாப்பிட்டோம். யாரும் ரயிலைப் பற்றிப் பேசவில்லை. சாப்பிட்டு முடித்து அவர் குமிழைத் திருப்பினார். ரயில் ஊர்ந்தது. முகப்பில் அவர் அப்பா வெளியே சாய்ந்தபடி வளைவைப் பார்த்துக்கொண்டு போனார். 8 அடியைக் கடக்க ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆனது. அந்த ஒரு நிமிடமும் அவர் கை குமிழ்மேல் நடுங்காமல் இருந்ததுபோல எனக்குத் தோன்றியது.

இறங்கும்போது

மறுநாள் மதியம் மேட்டுப்பாளையம் திரும்பும் ரயிலில் ஏறினேன். இந்த முறை போன் பைக்குள் இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் மூடிக்குக் கீழே வெள்ளைத் தடம் இருந்தது. மேலிருந்து கீழாக, அவர் வைத்த அதே இடத்தில்.

ஹில்குரோவில் ரயில் நின்றபோது இறங்கி, எங்கள் பெட்டியின் முகப்புக்குப் போனேன். பிரேக்ஸ்மேன் டீ குடிக்க இறங்கியிருந்தார். பிரேக் கைப்பிடியைப் பார்த்தேன். கை படும் இடம் மட்டும் வெள்ளிபோல மின்னியது.

"என்ன மேடம், போட்டோ எடுக்கணுமா?" என்று பின்னாலிருந்து குரல். டீ கிளாஸோடு பிரேக்ஸ்மேன். என் வயதுதான் இருக்கும்.

"இல்லண்ணா. சும்மா பார்த்தேன்."

அவர் சிரித்துவிட்டு ஏறி, அந்த மின்னும் இடத்தில் கையை வைத்தார். இன்ஜின் விசில் அடித்தது. அன்றைக்கு நான் எந்த வீடியோவும் எடுக்கவில்லை. ரீல் எங்கே என்று சீனியர் கேட்டதற்கு, முதல்நாள் எடுத்த குரங்கு வீடியோவை அனுப்பினேன்.

நீங்களும் போகலாம்!

* மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் காலை 7:10-க்குக் கிளம்புகிறது. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தால் இதைப் பிடித்துவிடலாம். இருக்கைகள் குறைவு என்பதால் ஐ.ஆர்.சி.டி.சி-யில் முன்கூட்டியே பதிவு செய்வது அவசியம்.

* பல்சக்கரம், நீராவி இன்ஜின் இரண்டையும் பார்க்க வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் - குன்னூர் பகுதியில் பயணம் செய்யுங்கள். குன்னூர் - ஊட்டி பாதையில் பெரும்பாலும் டீசல் இன்ஜின்தான்.

* மழைக்காலத்தில் மண்சரிவால் ரயில் ரத்தாவது உண்டு. கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

* மாடல் ரயில்களில் ஆர்வம் உள்ளவர்கள் சென்னை ஐ.சி.எஃப். பக்கத்தில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளோடு போய்வரலாம். புனே கோத்ரூடில் இருக்கும் ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம், இந்தியாவில் மாடல் ரயில் பிரியர்கள் தேடிப்போகும் இடம்.

* முக்கியமாக, கல்லாறு தாண்டி ரயில் பல் பிடிக்கும்போது ஒரு நிமிடம் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். அப்படியே முகப்பில் நிற்பவரின் கையையும் பாருங்கள்.